கிட்டிலிருந்து மாடல் ரயில் இன்ஜின்: மதுரையில் இருந்தபடியே முதல் வண்டியை ஓடவைப்பது எப்படி?

வெளிநாட்டு இன்ஜின் கிட் பெட்டிகளில் பெரும்பாலும் ஓரமாக ஒரு வரி இருக்கும்: "முடிக்கத் தேவையானவை: சக்கரம், மோட்டார், கியர்பாக்ஸ்." புதிதாக வருபவர்கள் ஏமாறுவது இந்த வரியில்தான். படத்தையும் விலையையும் பார்த்து கிட்டை வாங்கிவிடுவார்கள். பெட்டியைத் திறந்தால் பித்தளைத் தகடும் வெள்ளை உலோக வார்ப்பும்தான் இருக்கும். பிறகு சக்கரத்துக்கு ஒரு பார்சல், மோட்டாருக்கு ஒரு பார்சல், மறந்துபோன பேரிங்குக்கு இன்னொரு பார்சல். ஒவ்வொன்றுக்கும் தபால் செலவு, சுங்க வரி, காத்திருப்பு. கிட்டின் விலையைவிட இந்த அலைச்சலுக்குத்தான் அதிகம் செலவாகும்.

ஆகவே ஒரே விதி: ஓடும் பாகம் முழுவதும் காகிதத்தில் முடிவாகும்வரை மேல்கூட்டை வாங்காதீர்கள். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. அளவையும் தண்டவாளத்தையும் முதலில் முடிவுசெய்யுங்கள்

கடைகளில் அதிகம் புழங்குபவை இரண்டு. எச்.ஓ. என்பது 1:87. பிரிட்டிஷ் ஓ.ஓ. என்பது 1:76.2. இரண்டுமே 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில்தான் ஓடும். தண்டவாளம் ஒன்று என்பதால் வண்டியும் ஒன்று என்று நினைத்து, ஓ.ஓ. இன்ஜினுக்குப் பின்னால் எச்.ஓ. பெட்டியை மாட்டினால் பெட்டி இன்ஜினுக்குப் பொருந்தாமல் சிறியதாகத் தெரியும்.

நம்மூர் வண்டிதான் வேண்டும் என்றால் ஒரு சமரசம் இருக்கிறது. நம் அகலப்பாதை 1676 மி.மீ. எச்.ஓ. கணக்கில் அது 19.3 மி.மீ. ஆக வேண்டும். ஆனால் நாம் ஓட்டப்போவது 16.5-ல். அகலப்பாதை டீசல் இன்ஜினான டபிள்யூ.டி.எம்.-2-ன் மாடலை நேர்முன்னால் இருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே தள்ளியிருப்பது தெரியும். பக்கவாட்டில் தெரியாது. முதல் வண்டிக்கு அதை ஏற்றுக்கொள்ளுங்கள். 19.3-க்குத் தண்டவாளமும் சக்கரமும் கையால் செய்யக் கிளம்பினால் இன்ஜின் எப்போதும் வராது.

மதுரைக்காரர்களுக்கு மீட்டர்கேஜ் மேல் ஒரு கண் இருக்கும். போடி லைனில் ஓடிய ஒய்.டி.எம்.-4 டீசல், அதற்கு முந்தைய ஒய்.பி. நீராவி என்று மனசு போகும். 1000 மி.மீ. என்பது எச்.ஓ.வில் 11.5 மி.மீ.; 12 மி.மீ. தண்டவாளம் நெருங்கிப் பொருந்தும். 2022-ல் ஹார்ன்பி அறிவித்த டி.டி. 1:120 வண்டிகளும் 12 மி.மீ. பாதையில்தான் ஓடுகின்றன என்பதால் அவற்றின் அடிப்பாகத்தைக் கடன் வாங்கும் வழி ஒன்று திறந்திருக்கிறது. 16.5 மி.மீ. தண்டவாளத்தையே மீட்டர்கேஜாக வைத்து 1:60 அளவில் கட்டுவதும் உண்டு. ஆனால் அதில் பெட்டியும் ஸ்டேஷனும் ஆட்களும் எல்லாமே நீங்களே செய்ய வேண்டும். இரண்டுமே இரண்டாவது இன்ஜினுக்கு உரியவை.

2. மூன்று வழிகள், முதல் வழியில் தொடங்குங்கள்

முதல் வழி, ரெடிமேட் இன்ஜினின் அடிப்பாகத்தின் மேல் வேறு உடம்பை உட்காரவைப்பது. டீசல், மின்சார இன்ஜின்களுக்கு இதுதான் சரி. டபிள்யூ.டி.எம்.-2 சுமார் 17.1 மீட்டர் நீளம், எச்.ஓ.வில் 197 மி.மீ. அதன் ஆறு சக்கரப் போகியில் (பயணிகள் பெட்டி அல்ல, இன்ஜினின் அடியில் திரும்பும் சக்கரத் தொகுதி) அச்சுகளின் இடைவெளி சமமாக இருக்காது. அது ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் போகி என்பதால், அதே இனப் போகி உள்ள அமெரிக்க ஆல்கோ ஆர்.எஸ்.டி. மாடல்களின் அடிப்பாகம் பக்கத்தில் வரும். வாங்கும் முன் மூன்று அளவுகளை எழுத்தில் கேளுங்கள்: போகி மையத்துக்கு மையம், போகியின் முதல் அச்சிலிருந்து கடைசி அச்சு, சக்கர விட்டம் (அசல் 1092 மி.மீ., மாடலில் 12.5). மொத்த நீளம் பொருந்துகிறது என்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. நீளத்தை வெட்டி ஒட்டலாம், போகியை முடியாது.

இரண்டாவது வழி, வெள்ளை உலோக வார்ப்பு உடம்பும் எளிய பித்தளைச் சட்டமும் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) கொண்ட கிட். மூன்றாவது, முழுவதும் பொறித்தெடுத்த பித்தளைத் தகடு. நீராவிதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால் ஆறு சக்கரம் இணைந்த, முன்பின் துணைச்சக்கரம் இல்லாத, வெளிப்புற வால்வு கியரும் (சக்கரங்களுக்கு வெளியே தெரியும் நீராவி வால்வுத் தண்டுகள்) இல்லாத ஒன்றை எடுங்கள். முன்னும் பின்னும் துணைச்சக்கரம் உள்ள அழகான பசிபிக் வகை இன்ஜின் பிறகு வரட்டும். முதல் பித்தளை கிட்டுக்கு 60 முதல் 100 மணி நேரம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்றால் நான்கிலிருந்து ஆறு மாதம்.

3. இரண்டு பட்டியல் எழுதுங்கள்

முதல் பட்டியல், வெளியே இருந்தே வர வேண்டியவை:

- சக்கரங்கள் (விட்டம், ஆரங்களின் எண்ணிக்கை, அச்சின் தடிமன் மூன்றும் எழுதவும்)
- அச்சுகள், கிராங்க் பின்கள் (சக்கரத்தில் இணைப்புத் தண்டை மாட்டும் சிறு முளைகள்), பேரிங் புஷ்
- கியர்பாக்ஸ், அதற்கேற்ற தண்டுள்ள மோட்டார்
- வெள்ளை உலோகத்துக்கான, 70 டிகிரியில் உருகும் சால்டர் (பற்றாசு)

கிராங்க் பின்னில் ஒரு பொட்டலம் கூடுதலாகப் போடுங்கள். கைதவறி விழுந்தால் மொசைக் தரையில் தேடி எடுக்க முடியாத பொருள் அது. கியர் விகிதம் சரக்கு, ஷண்டிங் இன்ஜினுக்கு 40:1, பயணிகள் இன்ஜினுக்கு 30:1 என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ரோபோட்டிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் என்-20 கியர் மோட்டாரைப் பார்த்துப் பலருக்கு ஆசை வரும். வேகக் கணக்குப்படி அது ஒத்துவரும்: 18 மி.மீ. சக்கரத்துடன் நிமிடத்துக்கு 150 சுற்றுக்குச் சற்று மேல் சுழன்றால் ஓ.ஓ.வில் மணிக்கு 40 கி.மீ. போல இருக்கும். ஆனால் அதன் தண்டு நேராக நிற்கும். அச்சைச் சுற்றவைக்க இன்னொரு பல்சக்கரம் வேண்டும், சத்தமும் அதிகம். முதல் வண்டிக்கு வேண்டாம்.

இரண்டாவது பட்டியல், மற்ற எல்லாம். அது மதுரையிலேயே கிடைக்கும். 5-ஆம் படியைப் பாருங்கள்.

4. ஆர்டர்: பணமும் காகிதமும்

செலவைக் கணக்கிடும் விதம் இது. கிட் 100 பவுண்டு என்றால், சக்கரம், மோட்டார், கியர்பாக்ஸ் சேர்ந்து இன்னொரு 80 முதல் 120 ஆகும். பிரிட்டிஷ் கடை வாட் வசூலிக்கும் கடையாக இருந்தால் ஏற்றுமதிக்கு அந்த 20 சதவீதம் கழிய வேண்டும். பட்டியல் விலையை 1.2-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒற்றை ஆளாக நடத்தும் சிறு கடைகளில் வாட்டே இருக்காது. அங்கே கழிவும் இருக்காது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்துவைக்க வேண்டும். வங்கி அதற்குத் தனிக் கட்டணம் பிடிக்கும், 3.5 சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் என்று போட்டுக்கொண்டால் குறையாது.

அடுத்து சுங்கம். வரி போடும் மதிப்பு பொருளின் விலை மட்டுமல்ல. தபால் செலவும் சேர்ந்தது. பொம்மைகளும் சிறு அளவு மாடல்களும் 9503 என்ற தலைப்பில் வருகின்றன. இதற்கான அடிப்படை வரி 2020-ல் 60 சதவீதமாகவும் 2023-ல் 70 சதவீதமாகவும் ஏறியது. சொந்த உபயோகப் பார்சலை 9804 தலைப்பில் மதிப்பிடுவதும் உண்டு. அதன் விகிதம் வேறு. ஆர்டர் போடும் நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு, கூடுதலானதற்குப் பணம் எடுத்துவையுங்கள். தபாலோடு சேர்த்து 200 பவுண்டு மதிப்பு என்றால், 70 சதவீதக் கணக்கில் வரி 140. அந்த 340-ன் மீது ஐ.ஜி.எஸ்.டி. தனி. இந்தத் தொகையைப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் ஆர்டர் போடலாம்.

"கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள், வரி இருக்காது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 5,000 ரூபாய்வரை அன்பளிப்புக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் ஆபத்து. கார்டு ரசீதைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

எழுத வேண்டியதைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். "பெரியவர்களுக்கான அளவு மாடல் கிட், பிரித்த நிலையில், பொம்மை அல்ல" என்று இன்வாய்ஸில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். தரச்சான்று கட்டாயம். வெறுமனே 'டாய் டிரெயின்' என்று எழுதிய பார்சல் அந்தக் கேள்வியில் சிக்கிக்கொள்ளலாம்.

தயாராக வைக்க வேண்டிய காகிதங்கள்: ஆதார் நகல், பான் நகல், கடையின் இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான கார்டு அல்லது வங்கி ரசீது, பொருளின் படமும் விலையும் தெரியும் கடைப் பக்கத்தின் அச்சு. எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக மொபைலில் வைத்திருங்கள். கூரியர்காரர்கள் கேட்ட அன்றே அனுப்பாவிட்டால் கிடங்கு வாடகை ஏறத் தொடங்கும்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். வெளிநாட்டுக் கடையின் படிவம் 'கடைசிப் பெயர்' கேட்கும். நீங்கள் அப்பா பெயரை முழுதாக எழுதுவீர்கள். ஆதாரில் ஒற்றை எழுத்துதான் இருக்கும், பானில் விரித்து எழுதியிருக்கும். மூன்றும் மூன்று ஆளாகத் தெரிந்தால் கே.ஒய்.சி. நிற்கும். ஆதாரில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே பார்சலிலும் வர வேண்டும். இனிஷியலைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுங்கள், ஒற்றை எழுத்தானாலும் பரவாயில்லை.

பெயின்ட், தின்னர், ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் திரவம்), ஒட்டும் பசை எதையும் அந்தப் பார்சலில் சேர்க்காதீர்கள். தீப்பற்றும் பொருளும் அரிக்கும் திரவமும் விமானத் தபாலில் ஏறாது; கடைக்காரர் தெரியாமல் வைத்துவிட்டால் மொத்தப் பார்சலும் நிற்கும். சாதாரணத் தபாலுக்கு மூன்றிலிருந்து ஆறு வாரம், கூரியருக்குச் சுங்கம் உட்பட ஒன்றிலிருந்து இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. மதுரையில் வாங்க வேண்டியவை

கருவிகளுக்கு முதல் இடம் நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடைகள். தெற்காவணி மூல வீதியையும் அதைச் சுற்றிய சந்துகளையும் நடந்து பாருங்கள். மெல்லிய அரங்கள், நகை ரம்பமும் பிளேடும், சாமணம், துளையை நூல் நூலாகப் பெரிதாக்கும் கூம்புத் துருவி எல்லாம் கிடைக்கும். மாடல் கடைக்காரர்கள் வெளிநாட்டில் விற்பதும் இதே சாமான்கள்தான்.

அந்த வீதியில் செய்யக் கூடாத ஒன்று, "பத்தரிடமே கொடுத்துப் பற்றவைத்துவிடலாம்" என்ற எண்ணம். அவர் வெண்காரம் வைத்து ஊதிப் பற்றவைப்பது 600 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் மெல்லிய பித்தளைத் தகட்டின் விறைப்பு போய்விடும். பிறகு விரல் பட்டாலே வளையும். நமக்கு வேண்டியது 183 டிகிரியில் உருகும் 63/37 மின்சாரச் சால்டர். டவுன்ஹால் ரோடு பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 0.7 மி.மீ. கம்பியாகக் கேளுங்கள். சால்டரிங் அயர்ன் 60 வாட், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வகை. வீட்டில் கிடக்கும் 25 வாட் அயர்ன் போதாது. பித்தளை சூட்டை இழுத்துக்கொள்ளும், சால்டர் உருண்டையாக நின்றுவிடும்.

ஃப்ளக்ஸை நீங்களே கலந்துகொள்ளலாம். கெமிக்கல் கடையில் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் வாங்கி, ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரில் ஒரு பங்கு அமிலத்தை ஊற்றுங்கள். நீரில் அமிலம், மாற்றி ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். நவச்சாரம் வைத்து ஈயம் பூசும் பழக்கம் பாத்திரத்துக்கு நல்லது. இன்ஜினில் அது மூலைகளில் தங்கிப் பிறகு பச்சை பூக்கும்.

திருகாணி இன்னொரு தலைவலி. பிரிட்டிஷ் கிட்டுகள் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரையைக் கேட்கும், இங்கே மெட்ரிக்தான். 8 பி.ஏ. (2.2 மி.மீ.) இடத்தில் எம்-2, 10 பி.ஏ. (1.7) இடத்தில் எம்-1.6, 14 பி.ஏ. (1.0) இடத்தில் எம்-1 போடலாம், நட்டையும் சேர்த்து மாற்றினால். மொபைல், மூக்குக்கண்ணாடி, கடிகாரம் பழுதுபார்க்கும் கடைகளில் இவை கிடைக்கும். பிரிட்டிஷ் ஓட்டுச்சக்கர அச்சு 1/8 அங்குலம், அதாவது 3.175 மி.மீ. 3.2 மி.மீ. பிட்டால் துளைத்தால் ஆட்டம் இருக்கும். அங்குல அளவு பிட்டையே கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. தடிமனில் ஒரு மிச்சத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் சமதளம். லேத்தில் ஏதாவது கடைய வேண்டியிருந்தால் கே.புதூர் சிட்கோவிலோ கப்பலூரிலோ பட்டறைகள் இருக்கின்றன. ஒற்றைச் சின்னத் துண்டுக்கு மெனக்கெடும் பட்டறையைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. கருவிகளுக்கெல்லாம் சேர்த்து 5,000 முதல் 8,000 ரூபாய் ஒதுக்குங்கள்.

6. சட்டம்: அவசரம் ஆகாத இடம்

இன்ஜின் ஓடுமா ஓடாதா என்பது இங்கேதான் தீர்மானமாகும்.

இணைப்புத் தண்டுகளை முதலில் செய்யுங்கள். சட்டத்தில் பேரிங் வைக்கும் இடத்துக்கு அந்தத் தண்டின் துளைகளே அளவுகோல். தண்டு 0.1 மி.மீ. வித்தியாசமாக இருந்தாலும் சட்டம் அதற்கேற்றபடி அமைந்துவிடும். தனித்தனியே சரியான அளவில் செய்து பிறகு சேர்த்தால்தான் இடிக்கும்.

பொறித்த தகட்டை மடிக்கும்போது அரைப் பொறிப்புக் கோடு (பாதி ஆழத்துக்குப் பொறித்த கோடு) மடிப்பின் உட்பக்கம் வர வேண்டும். மடித்தபின் உள்ளே சால்டரை ஓடவிட்டு வலுப்படுத்துங்கள். சட்டத்தைக் கண்ணாடியில் வைத்து நான்கு மூலையையும் அழுத்துங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் முறுக்கு இருக்கிறது. சூடாக்கி, தளர்த்தி, மறுபடி வையுங்கள். "ஓடும்போது சரியாகிவிடும்" என்பது ஒருபோதும் நடக்காது.

சக்கரங்களின் உள்முகத்துக்கு உள்முகம் 14.4 முதல் 14.5 மி.மீ. வெர்னியரால் மூன்று இடங்களில் அளவெடுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லை என்றால் சக்கரம் அச்சில் சாய்ந்திருக்கிறது, பாயின்ட் (பாதை பிரியும் இடம்) தாண்டும்போது தடம் புரளும்.

ஒரு பக்கக் கிராங்கும் மறுபக்கக் கிராங்கும் 90 டிகிரி விலகி நிற்க வேண்டும். எல்லா அச்சிலும் அந்தக் கோணம் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். 89 ஆனாலும் எல்லாம் 89 ஆக இருந்தால் ஓடிவிடும். சதுர முனை அச்சு வாங்கினால் இந்த வேலையே இல்லை. புதியவர்களுக்கு அதுதான் நல்லது.

இனி மோட்டார் இல்லாமல் தள்ளிப் பாருங்கள். இரண்டு அச்சை மட்டும் தண்டு மாட்டி உருட்டுங்கள். சரியாக இருந்தால் மூன்றாவதைச் சேருங்கள். இடித்தால் ஒரு பக்கத் தண்டைக் கழற்றுங்கள். அப்போதும் இடித்தால் சட்டத்திலோ பேரிங்கிலோ கோளாறு. இடிப்பு நின்றுவிட்டால் கிராங்க் கோணத்தில் கோளாறு. கடைசி முயற்சியாகத்தான் தண்டின் துளையைத் துருவியால் பெரிதாக்க வேண்டும், அதுவும் 0.1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். சாய்த்த கண்ணாடியில் சட்டம் தானாக உருண்டு இறங்கும்வரை மோட்டாரைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள்.

7. மோட்டாரும் மின்சாரமும்

மோட்டார் தண்டின் புழுப்பல்லும் (திருகு வடிவப் பல்) அது சுற்றும் பல்சக்கரமும் மயிரிழை ஆட்டத்தோடு சேர வேண்டும். அழுத்திச் சேர்த்தால் மோட்டார் சூடாகும். 12 வோல்ட் டி.சி.யில் மல்ட்டிமீட்டரைத் தொடரில் வைத்து மின்னோட்டம் பாருங்கள். பெட்டி எதுவும் இழுக்காமலே 300 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் எங்கோ பிடிக்கிறது.

மின்சாரம் எடுக்கும் கம்பிக்குப் பாஸ்பர் வெண்கலம் 0.3 மி.மீ. நல்லது. கிடைக்காவிட்டால் பழைய ரிலேயின் உள்தகடுகளைச் சீவி எடுக்கலாம். சக்கரத்தை லேசாகத் தொட்டால் போதும். அழுத்தினால் அதுவே பிரேக். ஒவ்வொரு பாகம் சேர்த்த பிறகும் இரண்டு தண்டவாளப் பக்கத்துக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் குற்றவாளி பிரேக் கட்டைதான்.

அமெரிக்கக் கண்ட்ரோலரை நேராக நம் 230 வோல்ட் பிளக்கில் செருகாதீர்கள். அது 120 வோல்ட்டுக்கானது, புகைந்துவிடும். பிரிட்டிஷ் கண்ட்ரோலருக்கு பிளக் அடாப்டர் மட்டும் போதும்.

டி.சி.சி. (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) போடுவதாக இருந்தால் முதலில் சாதாரண டி.சி.யில் நன்றாக ஓட வேண்டும். இன்ஜினுக்குள் அந்தக் கட்டளையைப் பெறும் டிகோடரின் சிவப்பு, கறுப்பு கம்பிகள் வலது, இடது தண்டவாளத்துக்கு; ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மோட்டாரின் எந்த முனையும் சட்டத்தைத் தொடக் கூடாது. தொட்டால் டிகோடர் அன்றோடு சரி.

8. உடம்பும் எடையும்

வெள்ளை உலோகத்தைச் சாதாரணச் சால்டரால் பற்றவைக்கப் போனால் வார்ப்பே உருகி ஓடும். 70 டிகிரி சால்டர், குறைத்து வைத்த சூடு. அந்தச் சால்டர் பித்தளையில் நேராக ஒட்டாது. பித்தளைப் பக்கத்தில் முதலில் 63/37-ஐ மெல்லப் பூசிக்கொள்ள வேண்டும். பயமாக இருந்தால் இரண்டு குழாய் எப்பாக்சி பசையே போதும், ஒரு நாள் காயவிடுங்கள்.

இழுவைக்கு எடை வேண்டும். தூண்டில் ஈயக் குண்டுகளைப் பாய்லருக்குள் நிரப்பலாம், ஆனால் வெள்ளை பி.வி.ஏ. பசையால் ஒட்டக் கூடாது. ஈயம் அதோடு சேர்ந்து மெல்ல வெள்ளை பூத்து வீங்கும். சில வருடங்களில் பாய்லர் பிளந்துவிடும். எப்பாக்சிதான் போட வேண்டும். எடையின் மையம் ஓட்டுச் சக்கரங்களுக்கு நடுவே விழ வேண்டும்.

3டி அச்சு உடம்பு பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கா, ரெசினா என்று கேட்டு வாங்குங்கள். பி.எல்.ஏ. 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காரில் விட்டுப்போனால் இன்ஜின் வளைந்து கிடக்கும்.

9. பெயின்ட்

பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, சோப்பு நீரில் கழுவி, பிறகு கைபடாமல் காயவையுங்கள். கார் பெயின்ட் கடையில் எட்ச் பிரைமர் கேளுங்கள். அங்கே கொடுக்கும் என்.சி. தின்னர் பித்தளைக்குச் சரி. பிளாஸ்டிக் உடம்பைக் கரைத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் பெயின்ட் வெளுத்துப் பூக்கும். சித்திரை மதியத்தில் அடித்தால் துளி காற்றிலேயே காய்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகும். தை, மாசி காலை நேரம் நல்லது.

எழுத்துக்கு: சாதாரண லேசர் பிரிண்டரில் வெள்ளை அச்சாகாது. கறுப்பு இன்ஜினுக்கு வெள்ளை எண் வேண்டும் என்றால், வெள்ளை டோனர் உள்ள அச்சகத்தில் நீர்-ஒட்டுத் தாளில் அடித்து வாங்க வேண்டும். ஸ்டிக்கர் கடை வினைல் தடிமனாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

10. ஓட்டிப் பழக்குவது

முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி, பாதி வேகத்தில், பெட்டி மாட்டாமல். சட்டத்துக்கு இதைப் பெயின்டுக்கு முன்பே ஒருமுறை செய்துவிடுங்கள். தையல் மிஷின் எண்ணெய், ஊசிமுனையில் எடுத்த ஒரு துளி, பேரிங்குக்கு மட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; மார்கழியில் உறைந்து பிசினாகும். ஓ.ஓ. கிட் இன்ஜினுக்கு வளைவு ஆரம் 600 மி.மீ.க்குக் குறையாமல் போடுங்கள். ரெடிமேட் ரயில் செட்டோடு வரும் 438 மி.மீ. வளைவில் ரெடிமேட் இன்ஜின் திரும்பும், அதற்கென்றே அதன் சக்கரங்களுக்குப் பக்கவாட்டு ஆட்டம் விட்டிருப்பார்கள். நீங்கள் கட்டியதில் நடு அச்சுக்கு அரை மி.மீ. ஆட்டம் விடாமல் பேரிங்கை இறுக்கியிருந்தால் அங்கேயே சிக்கி நிற்கும்.